இழுத்துக் கட்டிய கம்பி அறுந்தால்?

நண்பர்களே, முதலில் ஒரு சின்னச் சோதனை. ஆறு தடிமனான புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் கையால் அழுத்தித் தூக்குங்கள். பசையும் இல்லை, கயிறும் இல்லை. ஆனாலும் ஒன்றுகூட விழாது! கையைத் தளர்த்தினால்? எல்லாம் பொத்தென்று கீழே!

பெரிய அலுவலகங்கள், கார் நிறுத்தும் மாடிகள் பலவற்றின் தளம் இப்படித்தான் நிற்கிறது. கான்கிரீட் அழுத்தினால் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதனால் தளத்துக்குள் கம்பியை வைத்து, கான்கிரீட் இறுகிய பிறகு ஜாக்கியால் இழுத்து, ஓரத்தில் ஆப்பு வைத்துப் பூட்டுகிறார்கள். கம்பி சுருங்கப் பார்க்கும். அது கான்கிரீட்டை நெருக்கிப் பிடிக்கும். கம்பியை இழுத்துக் கான்கிரீட்டை இறுக்கும் முறைக்கு 1928-இல் காப்புரிமை பெற்றவர் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் யூஜீன் ஃப்ரெசினே.

இது ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என ஏழு கம்பிகளின் முறுக்கு. பெரும்பாலும் 12.7 மி.மீ. தடிமன்தான். ஆனால் அறுக்க ஏறக்குறைய 18 டன் விசை வேண்டும்!

எப்படிக் கெடும்?

ஒன்று, துரு. பனி நாடுகளில் சாலையில் தூவும் உப்பு, கார் டயரில் ஒட்டி வந்து தளத்தில் இறங்கும். இன்னொன்று, டிரில்! குழாய்க்கு ஓட்டை போடும்போது கம்பியும் சேர்ந்து அறுந்துவிடும்.

“அறுந்ததை ஒட்ட வெச்சா போதாதா மாமா?” என்று கட்டட வேலை பார்க்கும் என் மாமாவிடம் கேட்டேன். “ஒட்டினா கம்பி இருக்கும், இழுப்பு இருக்காதுடா!” என்றார்.

சரிசெய்யும் முறை

1. முதலில் தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுப்பார்கள்.
2. ரேடார் கருவியால் கம்பி போகும் பாதையைக் கண்டுபிடிப்பார்கள்.
3. அந்த இடத்தில் கான்கிரீட்டைப் பக்குவமாக உடைப்பார்கள்.
4. மிச்சமிருக்கும் இழுப்பை மெதுவாகத் தளர்த்துவார்கள். அப்போது கம்பிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. சீறி வந்து அடிக்கும்.
5. கெட்ட பகுதியை வெட்டி, புதுத் துண்டைக் கப்ளரால் இணைப்பார்கள்.
6. மறுபடி ஜாக்கியால் இழுப்பார்கள். மீட்டருக்குச் சுமார் 7 மி.மீ. நீளும். எவ்வளவு நீண்டது என்று அளந்து, கணக்கோடு ஒத்துப்போனால்தான் கான்கிரீட்டால் மூடுவார்கள்.

இது கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட கம்பிக்கு. அதில் ஓர் இடத்தில் அறுந்தாலும் முழு நீளமும் இழுப்பை இழக்கும். சிமென்ட் பால் ஊற்றிய குழாய்க்குள் இருக்கும் கம்பியில் பாதிப்பு அறுந்த இடத்தருகே நின்றுவிடும். ஆனால் அதை உருவி எடுக்க முடியாது. வெளியிலிருந்து கார்பன் இழைப் பட்டை ஒட்டியோ, புதுக் கம்பி கட்டியோ பலப்படுத்துவார்கள்.

இத்தனை பாடும் ஒரு ஓட்டையால் வரலாம்! ஆகவே பெரிய கட்டடத்தில் யாராவது டிரில்லைத் தூக்கினால், “உள்ளே கம்பி எங்கே போகுதுன்னு பாத்தீங்களா அண்ணே?” என்று தைரியமாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவர் உயிரையும் காக்கும், கட்டடத்தையும் காக்கும்.

— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்