வீட்டின் மேல் ஒரு மாடி

ஓசூரின் பழைய குடியிருப்புத் தெருக்களில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு காட்சி கண்ணில் படும். மொட்டை மாடிகளின் ஓரங்களில் இரும்புக் கம்பிகள் நாணல்போல் நீட்டிக்கொண்டிருக்கும். பிற்காலத்தில் மாடி எழுப்பும் எண்ணத்துடன் தூண்களிலிருந்து விட்டுவைத்த கம்பிகள் அவை. பல வீடுகளில் அந்தப் 'பிற்காலம்' வந்துவிட்டது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. 2021இல் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. எல்லை தாண்டிப் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் ஓசூரிலேயே குடியிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு வேண்டும். எனவே, மேலே ஒரு மாடி!

'கம்பிதான் விட்டிருக்கிறதே, கட்டிவிடலாம்' என்பார் மேஸ்திரி. அவருடைய கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கம்பி இருப்பது வேறு, அந்தத் தூண் கூடுதல் எடையைத் தாங்குவது வேறு. முதலில் அந்த எடை எவ்வளவு என்று பார்ப்போம். இதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது சுமார் 56 சதுர மீட்டர். கான்கிரீட் தளத்தின் கனம் 12.5 செ.மீ. எனில் கன அளவு 7 கன மீட்டர். கம்பியுடன் கூடிய கான்கிரீட் கன மீட்டருக்கு 2.5 டன் எடையுள்ளது. ஆகவே தளம் மட்டும் 17.5 டன். சன்னல், கதவுகளைக் கழித்தபின் செங்கல் சுவர்கள் ஏறத்தாழ 40 டன். ஆட்கள், கட்டில், பீரோ ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணயம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிடச் சொல்கிறது. அது 11 டன். உத்திரம், தூண், தரை ஓடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 80 டன்னைத் தாண்டும். முழுச் சரக்குடன் கிருஷ்ணகிரிச் சாலையில் போகும் இரண்டு அச்சு லாரிகள் நான்கைந்தை உங்கள் வீட்டின் தலையில் நிறுத்துவதற்கு இது சமம்.

இந்த எடை தூண்களுக்குச் சமமாகப் பிரிவதில்லை. வரிசைக்கு மூன்றாக ஒன்பது தூண்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு தூணும் தன்னைச் சுற்றியுள்ள தளத்தில் பாதித் தூரம் வரையுள்ள பகுதியைத் தாங்குகிறது. ஒரு தாளில் வரைந்து பாருங்கள். மூலைத்தூணுக்கு வருவது தளத்தின் பதினாறில் ஒரு பங்கு. பக்கத்தின் நடுவில் நிற்கும் தூணுக்கு எட்டில் ஒரு பங்கு. வீட்டின் நடுத்தூணுக்கோ நாலில் ஒரு பங்கு! வீட்டுக்குள் நிற்பதால் யாரும் பெரிதாகக் கவனிக்காத அந்தத் தூண்தான் தளத்தின் எடையை மிகுதியாகச் சுமக்கிறது. கூடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றால் முதலில் கண்ணை உறுத்துவதும் அதுவே.

சுவரையோ தூணையோ எடுத்தால் என்ன ஆகும்? ஒரு மர அளவுகோலை இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் சிறு எடையைத் தொங்கவிடுங்கள். பிறகு புத்தகங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். தொய்வு இரு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். வீட்டு உத்திரத்தில் எடை நீளம் முழுவதும் பரவியிருப்பதால் இடைவெளி கூடும்போது எடையும் கூடுகிறது. அங்கே தொய்வு 16 மடங்கு. வளைக்கும் திருப்புதிறன் 4 மடங்கு. பத்தடிக்கு அமைத்த உத்திரத்தை இருபதடிக்கு நிற்கச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று பாருங்கள்.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து 17 பேர் இறந்தார்கள். அதன் கீழ்த்தளத்தில் மாற்றியமைக்கும் வேலை நடந்து வந்தது. தென்கொரியத் தலைநகர் சியோலில் சாம்பூங் என்ற பேரங்காடி 1995 ஜூன் 29 அன்று விழுந்ததில் 502 பேர் மாண்டனர். நான்கு மாடிக்குத் திட்டமிட்ட கட்டடத்தில் ஐந்தாவது மாடியை ஏற்றியிருந்தார்கள்; நகரும் படிக்கட்டுக்காகத் தூண்களைக் குறைத்திருந்தார்கள்; கூரையில் கனமான குளிர்சாதன எந்திரங்களையும் வைத்திருந்தார்கள்.

கட்டமைப்புப் பொறியாளரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அவர் முதலில் கேட்பது பழைய வரைபடம். பெரும்பாலான வீடுகளில் அது கிடைக்காது. அப்போது ஒரு தூணின் அருகே குழி தோண்டி, அடித்தளத்தின் அகலத்தையும் மண்ணையும் பார்ப்பார். இந்தப் பகுதியில் சில இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். பழைய ஏரிக்கரையை ஒட்டிய மனைகளில் இளகிய மண் இருக்கலாம். இளகிய களிமண் சதுர மீட்டருக்கு 10 டன் அளவில் தாங்கும் என்றும், இறுகிய சரளை 45 டன் வரை தாங்கும் என்றும் முதல் மதிப்பீட்டுக்குக் கொள்வதுண்டு.

அடுத்து கான்கிரீட். 1948இல் சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கிய சுத்தியல் ஒன்று உண்டு. வில்விசையால் மோதி, எவ்வளவு தூரம் திரும்பித் துள்ளுகிறது என்பதைக் கொண்டு மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும். ஆனால் பழைய கான்கிரீட் காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை உறிஞ்சி மேற்பரப்பில் மட்டும் கடினமாகிவிடும். சுத்தியல் ஏமாந்து போகும்! ஆகவே மீயொலியைத் தூணின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அனுப்பி நேரத்தை அளக்கிறார்கள். நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் வேகம் இருந்தால் நல்ல கான்கிரீட். காற்றில் ஒலியின் வேகத்தைப்போல் இது பத்து மடங்குக்கு மேல். உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் ஒலி சுற்றிப் போக நேர்ந்து வேகம் குறையும். வெளியே நீட்டியிருக்கும் கம்பிகளையும் அவர் சுரண்டிப் பார்ப்பார். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பீர்கள். கணக்குப் போடுவோம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 600 சதுர அடிக்கு 12 லட்சம். பொறியாளர் கட்டணமும் சோதனைகளும் 40,000 ரூபாய் என்று கொண்டாலும் அது நூற்றுக்கு மூன்றரைக்குள் அடங்கும். இந்தத் தொகையை எல்லாவற்றுக்கும் முன்பே, கடன் வாங்குவதற்கும் முன்பே செலவிட வேண்டும். 'இந்த வீடு மாடி தாங்காது' என்பதும் ஒரு பதிலாக வரலாம் அல்லவா?

'பலப்படுத்தினால் தாங்கும்' என்றும் வரலாம். 9 அங்குலச் சதுரத் தூணைச் சுற்றிலும் 4 அங்குலம் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்தால் அது 17 அங்குலமாகும். குறுக்குப்பரப்பு மூன்றரை மடங்கு கூடும். அதற்கேற்ப அடித்தளத்தையும் அகலப்படுத்த நேரலாம். இந்தச் செலவு தனித் தலைப்பில் முன்கூட்டியே வர வேண்டும். இதைத் தவிர நூற்றுக்குப் பத்து கையிருப்பும் ஒதுக்குவது நல்லது. மேற்படி கணக்கில் அது 1,20,000 ரூபாய். விலைகள் நிலையாக இருப்பதில்லை. சிமெண்டின் மீதான வரியே 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்தது. அடுத்த மாற்றம் எத்திசையில் என்று யார் சொல்ல முடியும்?

சில வேளை பொறியாளர் செலவைக் குறைத்தும் தருவார். செங்கல்லுக்குப் பதில் கன மீட்டருக்கு 600 முதல் 700 கிலோ மட்டுமே எடையுள்ள காற்றறைக் கான்கிரீட் கட்டிகளால் மேல்மாடிச் சுவரை எழுப்பினால், 40 டன் சுவர் 15 டன்னுக்கு அருகில் வந்துவிடும். தூணைப் பருமனாக்காமலேயே காரியம் முடியக்கூடும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 கட்டமைப்புப் பொறியாளர்களைப் பதிவு செய்ய வகை செய்திருக்கிறது. எனவே பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர் கருத்தைக் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். கட்டணத்தில் ஒரு பகுதியை, தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த நாளில் அவர் நேரில் வந்து பார்ப்பதற்கென்று நிறுத்தி வையுங்கள். கான்கிரீட் விழுந்தபின் உள்ளே கம்பி எங்கே இருக்கிறதென்று யார் கண்ணுக்கும் தெரியாது.