576 வழிகளில் எந்த வழி?

பல்லாயிரம் சர்வர்கள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும் டேட்டா சென்டரில் நெரிசலை எப்படித் தவிர்க்கிறார்கள்? விடையின் வேர் தொலைபேசியில் இருக்கிறது. சிறிய ஸ்விட்சுகளை அடுக்கடுக்காகப் பின்னினால் ஒரு பெரிய இணைப்பகத்தின் வேலையை அவையே செய்யும் என்று, பெல் ஆய்வகத்தின் சார்லஸ் க்ளோஸ் 1953இல் கணக்கிட்டுக் காட்டினார். 2008இல் சான் டியாகோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த யோசனையை டேட்டா சென்டருக்குப் பொருத்தினார்கள். அவர்கள் வடிவமைப்பில், 48 இணைப்பு வாய்கள் உள்ள சாதாரண ஸ்விட்சுகளே 27,648 சர்வர்களை இணைத்துவிடும். வெவ்வேறு தொகுதிகளிலுள்ள இரு சர்வர்களுக்கு இடையே சம நீளமுள்ள 576 பாதைகள் கிடைக்கும்.

எதில் போவது? ஸ்விட்ச் யாரிடமும் கேட்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும், அதாவது தரவுத் துண்டிலும், உள்ள அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரு முனைகளிலுள்ள செயலிகளைக் குறிக்கும் போர்ட் எண்கள் இரண்டு, நெறிமுறை ஆகிய ஐந்தையும் ஹாஷ் என்னும் கணக்கில் இடுகிறது. வரும் எண் வழியைச் சொல்லிவிடும். ஓர் உரையாடலின் பாக்கெட்டுகளுக்கெல்லாம் ஒரே விடைதான் வரும். அதனால் அவை வரிசை குலையாமல் போய்ச் சேரும். குலைந்தால், பாக்கெட் தொலைந்துவிட்டதாக எண்ணி டிசிபி என்னும் அனுப்பும் நெறிமுறை வேகத்தைக் குறைத்துவிடும்.

சர்வருக்குள் மென்பொருளாக இயங்கும் மெய்நிகர் கணினிகள் வந்ததும் புதுச் சிக்கல் முளைத்தது. ஒரு மெய்நிகர் கணினி, முகவரி மாறாமலே வேறு சர்வருக்குக் குடிபெயரலாம். இரு வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியை வைத்திருக்கலாம். எனவே மெய்நிகர் கணினியின் பாக்கெட்டை முழுதாக இன்னோர் உறைக்குள் இட்டு அனுப்புகிறார்கள். விஎக்ஸ்லான் என்ற இந்த முறையில் 24 பிட் அடையாள எண் உண்டு. வலையைப் பிரிக்கும் பழைய முறையான விலானின் 12 பிட்டில் 4,096 வலைகளே அடங்கும். விஎக்ஸ்லானில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் அடங்கும்.

ஆனால் உறைமேல் சர்வர்களின் முகவரிகள்தான் இருக்கும். இரு சர்வர்களுக்கு இடையே நூறு உரையாடல் நடந்தாலும் உறைகள் ஒரே மாதிரி தெரிந்து, ஹாஷ் எல்லாவற்றையும் ஒரே பாதையில் தள்ளிவிடுமே! இதற்கு 2014இல் வெளியான விஎக்ஸ்லான் விவரக்குறிப்பு சொல்லும் வழி எளியது: உள்ளிருக்கும் பாக்கெட்டின் தலைப்பு விவரங்களை முன்பே ஹாஷ் செய்து, அந்த எண்ணை உறையின் அனுப்புநர் போர்ட் எண்ணாக எழுதிவிட வேண்டும். உரையாடலுக்கு உரையாடல் உறை வேறுபடும், பாதைகளும் பிரியும்.

ஹாஷுக்குப் பருமன் தெரியாது. பொறியாளர்கள் யானை என்றழைக்கும் பெரிய ஓட்டங்கள் இரண்டு ஒரே பாதையில் மோதலாம். ஓட்டத்தின் இடைவெளிகளில் பாதையை மாற்றும் முறைகள் அதற்காகவே வந்தன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. நடுவிலுள்ள ஸ்விட்சுகளுக்கு மெய்நிகர் கணினிகளைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாமலே பளுவைப் பங்கிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.