பம்பரத்தைச் சுற்றிவிட்டுப் போன சாலை

சன்னபட்டணாவின் வீட்டுப் பட்டறைகளில் கடைசல் இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. வண்டியை நிறுத்திப் பொம்மை வாங்கியவர்கள்தான் வேறு வழியில் போய்விட்டார்கள்.

காலையில் பாயைச் சுருட்டி வைத்ததும் அதே இடத்தில் மரக்கட்டைக் கூடை வந்து உட்காருகிறது. கர்நாடகத்தின் சன்னபட்டணாவில், குறுகலான தெருக்களில் உள்ள பல வீடுகளுக்கு முன்னறைதான் பட்டறை. சுவரோரம் சிறு மோட்டார் பூட்டிய கடைசல் இயந்திரம், அதற்கு மேலே ஒற்றை விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் நாலைந்து உளிகள். மின்சாரம் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் தேநீர்.

ஒரு பம்பரம் பிறக்க அதிக நேரம் பிடிப்பதில்லை. கட்டையை இயந்திரத்தின் வாயில் தட்டிச் செருகி மோட்டாரை ஓடவிட்டால், உளி பட்ட இடத்தில் சீவல் சுருள் சுருளாகப் பறக்கிறது. முரட்டுக் கட்டை முதலில் உருளையாகிறது. பிறகு வயிறு பருக்கிறது, கால் கூராகிறது. ஏற்கெனவே செய்த ஒரு பம்பரம் எதிரே மாதிரியாக இருக்கும். மற்றதைக் கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும். உப்புத்தாளால் தேய்த்த பிறகு வண்ணம். இதற்குத் தூரிகையும் கிடையாது, காயவைக்கும் வேலையும் கிடையாது. வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மீது அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கடைசியாக ஒரு காய்ந்த தாழை மடல். அதை மடித்துப் பிடித்ததும் வண்ணம் ஒரே சீராகப் பரவிக் கண்ணாடிபோல் பளபளக்கிறது.

பெங்களூருவிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில், ராமநகரத்துக்கும் மத்தூருக்கும் இடையே இருக்கிறது இந்த ஊர். கன்னடத்தில் இதற்குச் செல்லப் பெயர் ‘கொம்பெகள ஊரு’, அதாவது பொம்மைகளின் ஊர். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தார் என்பது ஊரில் சொல்லப்படும் கதை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய உத்திகளைக் கற்றுப் பரப்பியவர் என்று பாவாஸ் மியானின் பெயரை மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள். அவரைச் சன்னபட்டணா பொம்மைகளின் தந்தை என்றே சொல்வதுண்டு. வில்லில் கட்டிய கயிற்றை இழுத்துக் கட்டையைச் சுழற்றிய காலம் போய் மோட்டார் வந்துவிட்டது. ஆனால் அரக்கும் தாழை மடலும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கே வழிவழியாகப் பயன்படுத்தும் மரம் தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. கன்னடத்தில் ‘ஆலெ மரம்’ என்கிறார்கள். தமிழில் அதுதான் வெட்பாலை. அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும். சித்த மருத்துவர்கள் தோல் நோய்க்குத் தரும் வெட்பாலைத் தைலம் அது. அந்த மரத்தின் கட்டை யானைத் தந்தம்போல் வெளுப்பாக, நெருக்கமான இழையோடு இருக்கிறது. பிசிறு எழாமல் கடைவதற்கும், அரக்கின் நிறம் மங்காமல் தெரிவதற்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? பட்டையை உரித்து, மாதக்கணக்கில் காயவைத்த பிறகே கட்டை பட்டறைக்குள் வரும். அவசரப்பட்டு ஈரக் கட்டையைக் கடைந்தால் பொம்மை பின்னால் வெடித்துவிடும். வெட்பாலைக்குத் தட்டுப்பாடு வரும்போது ரப்பர் மரம் அந்த இடத்தை நிரப்புகிறது.

அரக்கு வருவது பூச்சியிடமிருந்து. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் இது. அதைக் கரி அடுப்பில் இளக்கி, வண்ணப்பொடி சேர்த்து, மாவு பிசைவதுபோல் இழுத்து இழுத்து மடித்தால் நிறம் சீராகக் கலக்கும். மஞ்சள் நிறத்துக்குச் சமையலறை மஞ்சள், நீலத்துக்கு அவுரி என்று இயற்கைச் சாயங்களைப் பயன்படுத்தும் பட்டறைகள் உண்டு. மலிவான ரசாயன வண்ணத்துக்கு மாறியவையும் உண்டு.

இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. எந்தப் பொம்மையும் குழந்தையின் கைக்குப் போன மறு நிமிடம் வாய்க்குப் போகிறது. 2007-இல் சீனாவில் தயாரான லட்சக்கணக்கான பொம்மைகள் வண்ணத்தில் ஈயம் இருந்ததால் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. அதன் பிறகு, வாங்குபவர்கள் பொம்மையின் நிறத்தை ரசிப்பதோடு அது எதனால் ஆனது என்றும் கேட்கத் தொடங்கினார்கள். சன்னபட்டணாவிடம் அதற்குப் பல தலைமுறைப் பழமையான பதில் ஒன்று இருந்தது.

அரசும் தன் பங்குக்குச் சில கதவுகளைத் திறந்தது, சிலவற்றை மூடியது. 2005-06-இல் சன்னபட்டணா பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020-இல் இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய முத்திரை கட்டாயமானபோது, பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீட்டுப் பொம்மைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. முன்னறையில் பட்டறை வைத்திருப்பவர் பரிசோதனைக் கூடம் தேடி அலைய வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் கப்பலேறும் பொம்மைக்கு இந்த விலக்கு உதவாது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் விதிப்படி சான்று கேட்கும். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் ஏற்றுமதியாளர்தான். ஆகவே லாபமும் அவர் பக்கமே சாய்கிறது.

வீட்டுப் பட்டறையின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: எல்லாம் வீட்டுக்குள் நடக்கிறது. வாடகை இல்லை. ஒருவர் கடைய, இன்னொருவர் மணி கோக்க, வேறொருவர் எண்ணிப் பெட்டியில் அடுக்க, குடும்பமே ஒரு தொழிற்சாலை. நூறு கிலுகிலுப்பை வேண்டுமென்றாலும் செய்யலாம், பத்து போதுமென்றாலும் செய்யலாம். ஆனால் மரத்தூளும் வீட்டுக்குள்தான் பறக்கிறது. கூலி எண்ணிக்கைக் கணக்கில் வருவதால், காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. கட்டை கொடுப்பவரும் வியாபாரி, பொம்மையை எடுத்துப்போகிறவரும் வியாபாரி என்றால் விலை சொல்லும் வாய் பட்டறையில் இருப்பதில்லை.

அந்த வாய்க்கு வழி கொடுத்தது சாலைதான். பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து சென்ற காலத்தில், இருபுறமும் பொம்மைக் கடைகள் வாகனங்களை வழிமறித்தன. வாசலில் வரிசையாக நின்ற ஆடும் மரக்குதிரைகளைப் பார்த்துப் பின் சீட்டுக் குழந்தை அடம்பிடித்தால், அப்பாவுக்கு வேறு வழி இருக்காது. தசரா பார்க்கப் போகிறவர்கள், ஊட்டிக்குப் போகிறவர்கள், கொலுவுக்குப் பொம்மை தேடுகிறவர்கள் என்று எல்லோரும் இங்கே இறங்கினார்கள். கடைக்காரர் பட்டறைக்குச் சொல்லி அனுப்ப, பட்டறை அடுத்த நாளே சரக்கை அனுப்பியது.

2023 மார்ச் 12 அன்று 118 கி.மீ. நீளமுள்ள புதிய விரைவுச்சாலை முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. மூன்று மணி நேரப் பயணம் சுமார் 75 நிமிடமாகச் சுருங்கும் என்றார்கள். அந்த நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ராமநகரமும் சன்னபட்டணாவும் புறவழியில் ஒதுக்கப்பட்டன. கார்கள் இப்போது ஊருக்கு வெளியே பறக்கின்றன. பழைய சாலையில் உள்ளூர்க்காரர்களும் பேருந்துகளும் இரு சக்கர வாகனங்களும் போகின்றன. ஆனால் மரக்குதிரையை ஏற்றிச் செல்லக் காரின் பின்பக்கம் வேண்டும்!

விரைவாகப் போக விரும்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வழிப்போக்கர்களை நம்பியிருந்த சந்தை இன்று தேடிவருபவர்களை நம்பியாக வேண்டும். அதற்கான அறிகுறிகளும் தென்படாமல் இல்லை. நகரத்து வடிவமைப்பாளர்கள் பட்டறைகளோடு சேர்ந்து புதிய பொம்மைகளையும் விளக்குகளையும் மேசைப் பொருள்களையும் உருவாக்குகிறார்கள். இணையக் கடைகளில் சன்னபட்டணா என்ற பெயருக்கு மதிப்பு இருக்கிறது. இந்த விலாசம் தெரிந்த பட்டறை பிழைத்துக்கொள்கிறது. தெரியாதது பழையபடி வியாபாரியின் வருகைக்காகக் காத்திருக்கிறது. பெங்களூரு ரயிலில் போய்வரும் தூரத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை தரும்போது, அடுத்த தலைமுறை உளியைத் தொடுமா என்ற கேள்வியும் அந்தக் காத்திருப்பில் அடக்கம்.

மாலையில் பள்ளி விட்டு வரும் குழந்தைகள் பையை எறிந்துவிட்டு மரச்சீவல் குவியலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கடைசல் முடிந்த பம்பரத்தை அப்படியே பெட்டியில் போட முடியாது. எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தள்ளாடும். அதனால் கைவினைஞர் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு விரலால் தரையில் சுழற்றிப் பார்க்கிறார். நேராக நின்று சுழன்றால் பெட்டிக்குப் போகும். தள்ளாடினால் வீட்டுக் குழந்தைக்கு.