ஏரி நிரம்பினால் எங்கே மேய்ப்பது?

செம்மறிக்குக் கஷ்டகாலம் சித்திரை வெயில்தான் என்று காஞ்சிபுரத்தில் பலரும் நினைக்கிறார்கள். கால்நடை ஆய்வாளராக வாலாஜாபாத், தென்னேரிப் பக்கத்துக் கிராமங்களில் ஊசியும் மருந்துப் பெட்டியுமாக அலைந்த எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. சித்திரையில் நெல் அறுத்த தாள் கிடக்கும். ஏரியின் உள்வாய் வற்றி அறுகும் கோரையும் தலைகாட்டும். துரட்டியால் கருவேல நெற்றை உலுக்கிப் போடுவார்கள். ஆடு அரைவயிறாவது நிரப்பிக்கொள்ளும். புரட்டாசியில் மழை பிடித்து, ஏரி தளும்பி, சுற்றிலும் சம்பா பச்சையாக நிற்கும்போதுதான் மந்தைக்கு இடமில்லாமல் போகும். கால் வைத்த இடமெல்லாம் யாரோ ஒருவருடைய பயிர்.

“ஏரி ரொம்பிச்சின்னா ஊருக்கே சந்தோஷம். எங்களுக்குத்தான் எங்க ஓட்றதுன்னு தெரியல, டாக்டரம்மா” என்று தென்னேரிக் கரையில் ஒரு பெரியவர் சொன்னார். சம்பா அறுக்கும் தை மாதம்வரை அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் ஊர்க்கோடியில் மேட்டில் கிடந்த மேய்க்கால் நிலம். பட்டா இல்லாத, ஊருக்குப் பொதுவான, கல்லும் காரையும் வெள்வேலும் கலந்த தரை. கோடையில் போய்ப் பார்க்கும் அதிகாரிக்கு அது வெற்றிடமாகத் தெரியும். ஆடுகள் அப்போது அறுவடை வயலில் இருக்கும். ஐப்பசியில் போய்ப் பார்த்தால்தான் அந்த இடத்தின் மதிப்பு புரியும்.

எங்கள் மாவட்டத்து ஆட்டுக்கு ஆராய்ச்சிப் புத்தகங்களில் ‘மெட்ராஸ் ரெட்’ என்று பெயர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகள்தான் அதன் சொந்த ஊர். செம்பழுப்பு நிறம், சில ஆடுகளுக்கு நெற்றியில் வெள்ளை. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு உண்டு, பெட்டைக்குக் கொம்பு கிடையாது. கம்பளி தராது, இறைச்சிக்காகவே வளர்க்கிறார்கள். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பேணி, தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனை நல்ல கிடாவைத் தயார் செய்தாலும், அது நடந்து மேய வேண்டியது கிராமத்துப் பொது நிலத்தில்தான். கொட்டிலில் கட்டித் தீனி வாங்கிப் போட்டு வளர்க்க, நிலமில்லாத ஆட்டுக்காரரால் முடியாது.

மேட்டு நிலம் போனால் ஆடு பட்டினி கிடக்கும் என்பது பாதிக் கதை. மீதியை எங்கள் துறைக்காரர்கள் அறிவார்கள். மேடு இல்லாதபோது மந்தை ஏரியின் ஈர விளிம்புக்கு இறங்கும். அங்கே நத்தைகள் இருக்கும். ஈரல் தட்டைப்புழுவின் இளம் பருவம் நத்தையின் உடலில்தான் வளர்கிறது. பிறகு வெளியேறி நீரோரத்துப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லைக் கடித்த ஆட்டின் ஈரலுக்குப் புழு போய்ச் சேரும். நாளாக ஆக இரத்தம் வற்றி, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். ஈரத்திலேயே நின்றால் குளம்பும் அழுகும். குடற்புழு மருந்து கொடுக்கலாம், கொடுத்தோம். ஆனால் மறுநாள் காலை அதே சேற்றுக்குத்தான் மந்தை போகிறது என்றால் மருந்து எத்தனை நாள் தாங்கும்?

முதல் மழைக்குப் பிறகு துளிர்க்கும் இளம்புல்லை ஆடு ஆசையாக அள்ளித் தின்னும்போது துள்ளுமாரி வரும். காலையில் நன்றாக இருந்த கொழுத்த குட்டி, மாலையில் துள்ளி விழுந்து செத்துப்போகும். அதனால் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். பனி காயும்வரை பட்டியைத் திறக்காதே என்பது மேய்ப்பவர்களின் பழைய வழக்கம். ஈரப் புல்லின் நுனிக்குப் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும் என்று நாங்கள் படித்ததை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

வயல்காரருக்கும் இந்த மந்தை வேண்டும். அறுவடை முடிந்ததும் மூங்கில் படலை வளைத்துக் கட்டி, இரவு முழுக்க ஆட்டைக் கிடை போடுவார்கள். இப்போது நைலான் வலையும் வந்துவிட்டது. புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயலுக்கு அடுத்த போகத்தில் உரச்செலவு குறையும். கிடைக்கூலி பணமாகவோ நெல்லாகவோ கிடைக்கும். எச்சம் உரமாவதைக் கண்ட ஊர் உயிர்களைக் காக்கும் என்பதற்கு வேடந்தாங்கலே சாட்சி. நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிரை வளர்ப்பதை அறிந்த அவ்வூர் மக்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-ல் அன்றைய கலெக்டரிடமே உத்தரவு வாங்கினார்கள்.

காஞ்சிபுரம் என்றதும் தறியும் கோயிலுமே எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. கோயில் விளக்கை எரியவைத்ததில் ஆட்டுக்கும் பங்குண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்று தானம் எழுதியிருப்பார்கள். மன்றாடிகள் எனப்பட்ட மேய்ப்பவர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு போனால் குட்டியால் ஈடுசெய்து எண்ணிக்கை குறையாமல் வைத்திருப்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். அத்தனை விளக்குகளுக்கும் அத்தனை மந்தைகள் மேய்ந்தன என்றால், ஊர்கள்தோறும் மேய்ச்சலுக்கென்று எவ்வளவு நிலம் விட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று வரதராஜப் பெருமாள் பட்டணத்தை விட்டுப் பாலாற்றங்கரைப் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் புறப்படுவார். பெருமாள் வேட்டைக்கு வருகிறார் என்றால் ஊருக்கு வெளியே புதரும் விலங்கும் இருந்தன என்றுதானே பொருள்? இன்றும் கொஞ்சம் இருக்கின்றன. கல்லாங்குத்துத் தரையில் ஆள்காட்டி முட்டையிடும். மந்தை நெருங்கினால் தலைக்கு மேல் பாய்ந்து கத்தும், செம்மறிகள் ஒதுங்கிப் போகும். ஆடு கிளப்பும் பூச்சிக்காக உண்ணிக்கொக்கும் கரிச்சானும் பின்தொடரும். புதரில் முயல், கீரி, உடும்பு. நரி இளங்குட்டியைத் தூக்கும் என்று ஆட்டுக்காரர் திட்டுவார், ஆனால் எலியையும் நண்டையும் தின்று வயலுக்கு உதவுவதும் அதுதான். நரிக்கும் ஆட்டுக்கும் ஒரே புதர்க்காடு போதும் என்பதை நான் கண்ணால் பார்த்தவள். அந்தப் புதரை இழந்தால் இரண்டுமே போகும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது மேய்ச்சல் தரைகள் எப்படிச் சுருங்கின என்பதைப் பார்த்துவிட்டோம். வேலை கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன். இப்போது பரந்தூர். 2022-ல் அறிவித்த விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 5,700 ஏக்கர் வேண்டும் என்கிறது அரசு. அதில் 1,900 ஏக்கருக்கு மேல் புறம்போக்கு. அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். பட்டா நிலத்துக்கு இவ்வளவு இழப்பீடு என்று பேச்சு நடக்கிறது. அந்தப் பொது நிலத்தில் மேய்த்துப் பிழைத்தவருக்கு என்ன என்று யாரும் பேசவில்லை. அவர் கையில் காட்டப் பத்திரம் இல்லை. எனக்கு இதில் பெரிய ஆற்றாமை.

கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பித் தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. எந்தச் சர்வே எண் மேய்க்கால் என்பது ஒவ்வொரு ஊரின் ‘அ’ பதிவேட்டிலும் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பார்க்கலாம். கிராம சபையில் அந்த எண்களை வாசிக்கச் சொல்லித் தீர்மானம் எழுதலாம். சிக்கல் ஒன்றுதான்: சபை கூடும் முற்பகலில் ஆட்டுக்காரர் மந்தையோடு இருப்பார். ஆண்டுக் கூட்டங்களில் அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டும் மேய்ச்சல் நெருக்கடி மாதங்களில்தான் வருகின்றன. அந்த இரண்டு நாளாவது கூட்டத்தை மந்தை பட்டிக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலம் வைக்கட்டும்.