தைராய்டு அறுவை முடிந்த பின்னரும் மருத்துவமனைக்கு வருவது ஏன்?
அறுவைப் பேராசிரியர் தியோடர் கோக்கர் கற்ற பாடம்

தைராய்டு அறுவை சிகிச்சை பெற்று இல்லம் திரும்பும் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "புண் ஆறிவிட்டது, உடலும் நன்றாக இருக்கிறது. இன்னும் எதற்காக வரச் சொல்கிறீர்கள்? மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" என்பதே அது. இவ்வினாவுக்கான விடை, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஸ்விட்சர்லாந்தில் பணியாற்றிய ஓர் அறுவை மருத்துவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

கழலை மிகுந்த நாட்டில் ஒரு பேராசிரியர்

தியோடர் கோக்கர் 1841-ஆம் ஆண்டு பெர்ன் நகரில் பிறந்தார். 1872-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. ஆதலால் அங்கு வாழ்ந்த மக்களிடையே தைராய்டு சுரப்பி பெருத்து உண்டாகும் முன்கழுத்துக் கழலை மிகுந்து காணப்பட்டது. கழலை பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்தும்போது அறுவையன்றி வேறு வழியில்லை. ஆயினும் அக்காலத்தில் அவ்வறுவையை மருத்துவர்களே அஞ்சினர். தைராய்டு இரத்த ஓட்டம் மிகுந்த சுரப்பி. குருதிப்பெருக்காலும் சீழ்பிடித்தலாலும் பலர் உயிரிழந்தனர்.

கோக்கர் விரைந்து அறுப்பவர் அல்லர். ஒவ்வோர் இரத்தக் குழாயையும் தேடிப் பிடித்துக் கட்டிய பின்னரே அடுத்த அடி வைத்தார்; தூய்மையைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். அவருடைய முதல் நூறு கழலை அறுவைகளில் ஏறத்தாழ 13 பேர் இறந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. அவர் தம் வாழ்நாளில் செய்த தைராய்டு அறுவைகள் 5,000-க்கும் மேற்பட்டவை.

திரும்பி வந்தவர்கள் கூறிய செய்தி

கழலை மீண்டும் வளராதிருக்க, தொடக்கக் காலத்தில் கோக்கர் சிலருக்குச் சுரப்பியை முழுவதுமாகவே நீக்கினார். 1874-இல் அவ்வாறு அறுவை செய்யப்பட்டவர்களுள் 11 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். சில காலத்திற்குப் பின், அச்சிறுமியின் இயல்பே மாறிவிட்டதென்று அவளை அனுப்பிய ஊர் மருத்துவர் தெரிவித்தார். 1882-இல் ஜெனீவாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ழாக் லூயி ரெவர்தேனும் தம் நோயாளிகளிடம் இத்தகைய மாற்றங்களைக் கண்டதாக அவரிடம் கூறினார்.

கோக்கர் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப வருமாறு அழைத்தார். சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டோருள் 18 பேரைச் சோதித்தார். அவர்களில் இருவரைத் தவிர ஏனைய 16 பேரும் நலிந்திருந்தனர். சோர்வு, குளிர் தாங்காமை, முகவீக்கம், தோல் வறட்சி, முடி உதிர்தல், சிந்தனையிலும் பேச்சிலும் மந்தம் ஆகியன அவர்களிடம் தோன்றியிருந்தன. வளரும் வயதினரின் வளர்ச்சியோ நின்றுபோயிருந்தது. அச்சிறுமியின் தங்கை வளர்ந்து இளநங்கையாகியிருக்க, அவள் மட்டும் குள்ளமாகவே இருந்தாள்.

அறுவை ஒவ்வொன்றும் வெற்றி என்றே ஏடுகளில் பதிவாகியிருந்தது. கோக்கர் நினைத்திருந்தால் அதனை அப்படியே விட்டிருக்கலாம். அவரோ 1883-இல் பெர்லினில் கூடிய ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் தம் நோயாளிகளுக்கு நேர்ந்ததை வெளிப்படையாக எடுத்துரைத்தார். புற்றுநோய் போன்ற கட்டாயம் இருந்தாலன்றிச் சுரப்பியை முழுவதும் நீக்குவதில்லை என்றும் முடிவு செய்தார். காரணத்தை அவர் முதலில் சரியாகக் கணிக்கவில்லை. மூச்சுக்குழாய் பாதிக்கப்பட்டதால் நேர்ந்தது என்றே எண்ணினார். சுரப்பி இல்லாமையே காரணம் என்பதை லண்டனில் பெலிக்ஸ் செமோன் சுட்டிக்காட்டினார். 1888-இல் அங்குள்ள மருத்துவர் குழுவின் அறிக்கை அதனை உறுதி செய்தது.

1891-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரே, இத்தகைய குறைபாடுடைய ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழியே செலுத்தினார். அவர் நலமடைந்து, தொடர் சிகிச்சையுடன் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று தாங்கள் உட்கொள்ளும் சிறிய மாத்திரை இவ்வழியில் வந்ததேயாகும். தைராய்டு பற்றிய ஆய்வுகளுக்காகக் கோக்கருக்கு 1909-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவரே.

தாங்கள் அறிய வேண்டியவை

சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டவருக்குத் தைராக்சின் மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவை. உடல் தானே சுரக்க வேண்டியதை வெளியிலிருந்து ஈடு செய்வதே அதன் பணி. ஆகவே நலமாக இருக்கிறோம் என்று கருதி நிறுத்திவிடலாகாது. அந்த நலமே மாத்திரையால் கிடைப்பது. பாதிச் சுரப்பி மட்டும் நீக்கப்பட்டவருக்கு மாத்திரை தேவையா என்பதை இரத்தப் பரிசோதனையே கூறும்.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரையை உட்கொள்ளுங்கள். அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பி, தேநீர், பால், சிற்றுண்டி ஆகியவற்றைத் தவிருங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். மாத்திரையின் அளவு மாறினால், ஆறு முதல் எட்டு வாரங்களில் டி.எஸ்.ஹெச். பரிசோதனை செய்ய வேண்டும். கருவுற்றிருப்பது தெரிந்தால் மாத்திரையை நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் காணுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தைராய்டின் பின்புறம் பாராதைராய்டு எனும் சிறு சுரப்பிகள் உள்ளன, பெரும்பாலோர்க்கு நான்கு. இரத்தத்தில் கால்சியம் அளவைக் காப்பவை இவையே. அறுவைக்குப் பின் இவை சில காலம் செயல் குன்றலாம். உதட்டைச் சுற்றியோ விரல் நுனிகளிலோ மதமதப்பு ஏற்பட்டாலும், தசை இழுத்துப் பிடித்தாலும் உடனே தெரிவியுங்கள். குரல்நாண்களை இயக்கும் நரம்புகளும் அருகிலேயே செல்வதால் குரல் கம்முவதுண்டு. பலருக்கு இது நாளடைவில் சரியாகும். ஆயினும் சோதித்தறிதல் நன்று. கழுத்து திடீரென வீங்கினாலோ மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ சிறிதும் தாமதியாமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தைராக்சின் குறையும்போது வரும் மாற்றங்கள் மெல்ல வருபவை. நோயாளி அவற்றை உணராமலே இருக்கக்கூடும். "முன்போல் இல்லை, எப்போதும் அசதியாக இருக்கிறார், பேச்சு குறைந்துவிட்டது" என்று முதலில் கண்டறிபவர் உடன் வாழ்பவரே. வயதாகிவிட்டது என்றோ சோம்பல் என்றோ அதனை ஒதுக்கிவிடாதீர்கள், எங்களிடம் கூறுங்கள்.

கோக்கரின் நோயாளிகள் திரும்பி வந்திராவிடில் அவருக்கு உண்மை தெரிந்திராது. தாங்கள் மறுபடி வரும் ஒவ்வொரு முறையும் எங்களுக்கும் அவ்வாறே ஒன்றைக் கற்பிக்கிறீர்கள். குறித்த நாளில் தவறாது வாருங்கள். பழைய பரிசோதனை முடிவுகளையும் உடன் கொண்டு வாருங்கள்.