ஒட்டுத்தாளும் உட்பொருளும்

ஒட்டுவது எளிது, ஒட்டியதை அகற்றுவது அரிது. இவ்வுண்மையை வாழ்க்கையின் பெரிய காரியங்களிற் கண்டு கூறியோர் பலர். நான் அதனைக் கண்டது ஒரு பாடசாலையின் விளையாட்டு அறையிலே, கிறிக்கெற் மட்டைகளுக்கும் தலைக்கவசங்களுக்கும் நடுவிலேயாம். விளையாட்டுப் பொருள்களில் ஒட்டியிருக்கும் விளம்பரத் தாள்களையும் அவற்றின் பசையையும் அகற்றுவது எப்படி என்பதே யான் ஈண்டு எழுத எடுத்துக்கொண்ட பொருள். பொருளின் சிறுமை கண்டு வாசகர் முகஞ் சுழிக்க வேண்டாம். ஒரு மாணவனுடைய தலையின் நலமே சில வேளைகளில் ஒரு துண்டுப் பசையை அகற்றும் முறையிலே தங்கிவிடுவதுண்டு.

எங்கள் பாடசாலை போன்ற இடங்களுக்கு விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் இரண்டாங் கையாகவே வந்து சேருகின்றன. கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் தங்கள் பிள்ளைகள் ஆடிக் கழித்த மட்டைகளையும் கவசங்களையும் மூட்டையாகக் கட்டி அனுப்புகின்றனர். அவற்றின்மீது எத்தனை பெயர்கள்! செய்த கம்பனியின் பெயர், ஆடிய கழகத்தின் பெயர், ஓர் இலக்கம், இடையிலே ஒரு சிரிக்கும் புலியின் படம். மட்டை கைக்கு வந்ததும் எங்கள் பையன்கள் செய்ய விழையும் முதற் காரியம் இவற்றை உரித்தெறிவதே. பழைய பெயர் போனாலன்றிப் பொருள் தனதாகாது என்று ஒரு பிள்ளை எண்ணுவதிற் குற்றமில்லை. ஆயின் உரிக்கப் புகும் கை முதலிலே தேடுவது சவர அலகையும் பெற்றோற் போத்தலையுந்தான். மேலே ஒட்டியிருப்பது எத்துணை உறுதியானது என்று பார்க்கின்றார்களே யொழிய, கீழே கிடப்பது என்ன என்று எவரும் கேட்பதில்லை. இவ்விஷயத்தில் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவே என்பது எனது துணிபு.

இப்பசையின் வரலாறே இதற்குச் சான்று பகரும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, மோட்டார் வண்டிகளுக்கு இருவகை வர்ணம் பூசிய தொழிலாளர்கள், ஒரு வர்ணத்தை மறைக்கத் தாளை ஒட்டிப் பின் உரிக்கும்போது, தாளோடு வர்ணமும் பெயர்ந்து வரக் கண்டு மனம் நொந்தனர். அதனைக் கண்ட றிச்சாட் ட்றூ என்பவர், 1925 ஆம் ஆண்டில், ஒட்டவும் வேண்டும், ஊறின்றி உரியவும் வேண்டும் என்னும் இரு நோக்கங்களும் கொண்ட ஒட்டு நாடாவை உருவாக்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1935 இல், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்ராண்ரன் ஏவரி என்பவர் நீர் தொட்டு நனைக்காமலே ஒட்டும் பெயர்த்தாளைச் செய்து விற்கலானார். இன்று மட்டைகளிலே காணும் ஸ்ரிக்கர்கள் அதன் வழித்தோன்றல்களே. நாடாவுக்கு விலகும் நயம் வேண்டும். விளம்பரத்துக்கோ நிலைத்திருத்தலே வேண்டும். எனவே உரிக்கும் தொல்லை முழுவதும் வாங்கியவன் தலையில் வந்து விடிந்தது.

இப்பசை நாம் சோற்றிலோ கோதுமை மாவிலோ காய்ச்சும் பசையைப் போன்றதன்று. மாப்பசை காய்ந்து இறுகி ஒட்டும். இதுவோ காய்வதில்லை. திரவத்துக்கும் திண்மத்துக்கும் இடைப்பட்ட நிலையிலே எந்நாளும் கிடக்கின்றது. அழுத்தியவுடன் மெல்ல மெல்ல ஓடி, கண்ணுக்குப் புலனாகாத குழிகளிலே இறங்கிவிடும். மாதங்கள் செல்லச் செல்ல இன்னும் ஆழமாக இறங்கும். பழைய ஸ்ரிக்கர் புதியதினும் பிடிவாதமாய் இருப்பதன் காரணம் இதுவே. வேகமாக இழுத்தால் அது திண்மம்போல் எதிர்த்து நின்று, தாளைக் கிழிக்கும். அன்றேல் அடியிலுள்ள நாரைப் பிய்க்கும். மெதுவாக இழுத்தால் திரவம்போல் இளகிக் கொடுக்கும். வெப்பம் பட்டால் இன்னும் இளகும். பொறுமையும் இளஞ்சூடும் கூடினால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

இனி மட்டைக்கு வருவோம். நல்ல மட்டைகள் இங்கிலாந்திலே வளரும் வில்லோ மரத்தாலும், மலிவானவை பெரும்பாலும் காஷ்மீர வில்லோவாலும் ஆனவை. மெல்லிய நார் கொண்ட இம்மரம் கனம் குறைந்தது. எதனையும் எளிதில் உறிஞ்சுவது. ஆகவே சுடுநீரிலே துணியை நனைத்து வைத்து ஊறவிடுதல் கூடாது. தலைமயிர் உலர்த்தும் கருவியைச் சற்றுத் தூரத்திற் பிடித்து, கை பொறுக்கும் சூடே ஸ்ரிக்கரில் ஏறும்படி செய்க. அது இல்லாவிடத்து வெயிலிலே சில நிமிடங்கள் வைத்தல் போதும். நெடுநேரம் வைத்தால் மரம் ஈரப்பசை இழந்து வெடிக்கும். பின்னர் நகத்தாலோ பழைய பிளாஸ்ரிக் அட்டையாலோ ஒரு மூலையைக் கிளப்பி, தாளை அதன்மேலேயே மடித்தாற் போலப் பின்புறமாக, நார் ஓடும் திசையிலே, மெல்ல இழுக்கவேண்டும். எஞ்சிய பசையை விரலால் உருட்டினால் அது தன்னைத் தானே திரட்டிக்கொண்டு சிறு உருண்டைகளாய் வரும். அதற்கும் மசியாத பசைக்கு மட்டும், துணியிலே யூக்கலிப்ரஸ் எண்ணெயோ வைத்தியசாலைகளிற் பயன்படும் ஸ்பிரிற்றோ சில துளிகள் இட்டுத் துடைக்கலாம். துணியிலே இடுக, மரத்தில் ஊற்றற்க. தேங்காயெண்ணெயும் பசையை இளக்கும். ஆயின் மரத்துட் புகுந்து தங்கிக் கனத்தைக் கூட்டும். முடிவிலே மென்மையான மண்தாளால் நாரின் வழியே தேய்த்து, மட்டைக்கென விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாய்ப் பூசினால் மரம் மீண்டும் முகம் தெளியும். அடிபடும் முகத்திலே ஒட்டியுள்ள நிறமற்ற காப்புத்தாளை, அது உரிந்து தொங்கினாலன்றித் தொடாதிருத்தல் நன்று. அது விளம்பரமன்று, மரத்தைக் காக்கும் தோல்.

ஒருமுறை ஒரு மாணவன், பெரும்பெயர் பொறித்த மட்டையொன்றைக் கடையில் வாங்கி வந்தான். விலையும் பெயருக்கேற்ற விலைதான். சில வாரங்களில் ஸ்ரிக்கரின் மூலை கிளம்பிற்று. உரித்துப் பார்த்தால் அடியிலே இன்னொரு ஸ்ரிக்கர். அதிலே எவரும் கேள்விப்படாத பெயர். பையன் கண் கலங்கினான். "தம்பி, இரண்டையும் உரித்துவிடு, பிறகு மட்டையைப் பார்ப்போம்" என்றேன். மரத்தின் வரிகள் நேராக ஓடின. தட்டினால் ஓசை தெளிவாக ஒலித்தது. ஏமாற்றியவன் விலையில் ஏமாற்றினானே யன்றி, மரம் ஏமாற்றவில்லை. அதே மாதத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த வேறொரு மட்டையின் ஓரத்து ஸ்ரிக்கரை உரித்தபோது, அதன் கீழே நீண்டதொரு வெடிப்பு ஓடக் கண்டோம். 2017 ஆம் ஆண்டின் கிறிக்கெற் விதிக்கோவை, மட்டையிலுள்ள விற்பனைச் சின்னம் 0.02 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்திருத்தல் ஆகாது என்கின்றது. விதி பெயரின் தடிப்பை அளக்கின்றது. பெயரின் உண்மையை அளப்பது உரிப்பவன் கடன்.

மட்டையில் நேரும் தவறு பணத்தோடு போகும். தலைக்கவசத்தில் நேரும் தவறு அவ்வாறு போகாது. கிறிக்கெற் கவசங்களுள் பல ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்ரிக் ஓடு கொண்டவை. சைக்கிள் கவசங்களுட் பலவற்றில் பொலிகாபனேற்று ஓட்டின் உள்ளே பொலிஸ்ரைரீன் நுரை இருக்கும். நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசற்றோன், ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். பெற்றோலும் அசற்றோனும் பொலிகாபனேற்றிலே நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக் கூடியன. அவ்வெடிப்பு அன்றே கண்ணுக்குத் தெரியாது. பந்தோ தெருவோ தலையை மோதும் நாளிலேதான் தெரியும்.

ஒரு நாள் மாலை ஒரு மாணவன், கவசத்தையும் துணியையும் சிறு போத்தலையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான்.

"சேர், பெற்றோல் பூசினால் ஒரு நொடியிலே பசை போய்விடும்" என்றான்.

"பசை போகும், தம்பி. அதனோடு சேர்ந்து வேறு என்ன போகும் என்று பார்த்தாயா?" என்று கேட்டேன்.

அறையின் மூலையிலே பொதி கட்டி வந்த வெண்ணிற ரெஜிபோம் துண்டொன்று கிடந்தது. அதனை முற்றத்துக்கு எடுத்துச் சென்று, அவன் கையாலேயே இரண்டு துளி பெற்றோல் விடச் சொன்னேன். துளி விழுந்த இடம் மெழுகுபோற் குழிந்து உள்ளே போயிற்று. சைக்கிள் கவசத்தின் உள்ளே இருப்பதும் அந்த இனமே என்றேன். அவன் போத்தலை மூடிவிட்டான். தோடம்பழத் தோலின் எண்ணெய் இயற்கையானதுதானே என்று மற்றொருவன் கேட்டான். அதுவும் இந்நுரையைக் கரைக்கும். இயற்கையானது என்பதனாலே தீங்கற்றதாகி விடாது.

ஆதலால் கவசத்துக்கு நான் விதித்திருப்பது இளஞ்சூட்டு நீர், சவர்க்காரம், விரல், பொறுமை ஆகிய நான்கு மட்டுமே. அவற்றாற் போகாத பசை அங்கேயே கிடக்கட்டும். கையில் ஒட்டுகிறதே என்றால், சிறிது முகப்பவுடரைத் தூவித் துடைத்தால் அதன் பிசுபிசுப்பு அடங்கிவிடும். அழகு குறையும், காவல் குறையாது.

அந்த மூட்டையிலே எங்களுக்கு வந்த கிறிக்கெற் கவசங்கள் நான்கு. அவற்றுள் ஒன்றின் நெற்றியிலே பெரிய ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. சவர்க்கார நீரில் அதனை உரித்தபோது, ஓட்டிலே மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. போட்டிக்கு இரண்டு வாரங்களே இருந்தன. மேலே புதிய ஸ்ரிக்கர் ஒட்டினால் எவருக்கும் தெரியாது என்று அணியிலே ஒருவன் மெல்லச் சொன்னான். தெரியாது என்பது உண்மையே. அந்தக் கவசத்தை எடுத்து, எவரும் மீண்டும் அணியாதபடி பட்டிகளை அறுத்து, குப்பையில் இட்டேன். மூன்று கவசங்களையே மாறி மாறி அணிந்து அவர்கள் பயின்றார்கள். முணுமுணுப்பு இருந்தது, தலைகளும் இருந்தன.

ரெனிஸ், பூப்பந்து மட்டைகளுக்கும் இதே நியாயந்தான். காபன் நாரினாற் செய்த சட்டத்தின்மேல் வர்ணப்பூச்சு இருப்பதால் அசற்றோன் அதற்கும் ஆகாது. ஸ்பிரிற்றையும் மறைவான ஓரிடத்திலே சோதித்த பின்னரே தொடவேண்டும். மண்ணெண்ணெய், ஸ்பிரிற்று முதலியவற்றை அடுப்போ விளக்கோ அருகிருக்கக் கையாளுதல் பேதைமை. மென்மையானதிற் றொடங்கி, பொருள் தாங்கும் எல்லையிலே நிறுத்தவேண்டும். ஸ்ரிக்கரின் பிடிவாதத்துக்கு ஏற்ப நாமும் பிடிவாதம் கொண்டால், தோற்பது அடியிலுள்ள பொருளே.

எல்லாவற்றையும் உரித்தேயாக வேண்டும் என்பதுமில்லை. அம்மூட்டையில் வந்த ஒரு மட்டையின் முதுகிலே, ஸ்ரிக்கர் போன இடத்தில், முன்னே அதனை ஆடிய ஒரு சிறுவனின் பெயர் மையால் எழுதப்பட்டிருந்தது, கோணலான எழுத்து. மண்தாளோடு வந்த எங்கள் மாணவன் அதனை நெடுநேரம் பார்த்தான். அழிப்பதும் விடுவதும் அவன் விருப்பம் என்று விட்டுவிட்டேன். அவன் அப்பெயரைச் சுற்றியிருந்த பசையை மட்டும் உருட்டி எடுத்தான். மறுநாள் பார்த்தபோது, அதன் கீழே தன் பெயரையும் எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்களுக்கு இடம் இருந்தது.