பழைய பட்டியலிலிருந்து முகவரி எடுக்காதீர்கள்

ஓரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகள் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளில் சிலர் ஓவர்டைம் காசை யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயமாக வாங்கி வைக்கிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் தவறு ஒன்றுதான்: பணம் அனுப்பும்போது வாலட்டின் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி எடுப்பது.

அந்தப் பட்டியல் ஒரு குப்பைத்தொட்டி. யார் வேண்டுமானாலும் உங்கள் முகவரிக்குச் சல்லிக்காசு அனுப்பலாம், பிளாக்செயின் மறுக்காது. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே தொடங்கி, அதைப் போலவே முடியும் ஒன்றை மோசடிக்காரன் உருவாக்கி, அதிலிருந்துதான் சல்லிக்காசை அனுப்பி உங்கள் பட்டியலில் ஏறுகிறான். யுஎஸ்டிடி போகும் டிரான் பிளாக்செயினில் முகவரிக்கு 34 எழுத்து. போனில் பெரும்பாலும் தெரிவது முன்னும் பின்னும் சில எழுத்துகள்தான். 2024 மே மாதம் ஈதரியம் பிளாக்செயினில் ஒருவர் இப்படித்தான் சுமார் 6.8 கோடி டாலரை விட்டார். பேரம் பேசி பெரும்பகுதியைத் திரும்ப வாங்கினார். உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு எந்தத் திருடன் பேரம் பேச வருவான்?

பிட்காயினிலும் குப்பைச் சண்டை உண்டு. 2025 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் 30 என்ற மென்பொருள், பரிவர்த்தனையோடு ஏற்றும் கூடுதல் தரவுக்கான 83 பைட் வரம்பை 1 லட்சம் பைட்டாகத் தளர்த்தியது. கட்டணம் கட்டினால் போகட்டும் என்கிறது ஒரு தரப்பு; அந்தக் குப்பையை எங்கள் கணினிகளில் காலமெல்லாம் சுமப்பது நாங்கள் என்கிறது மறுதரப்பு. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: பிளாக்செயினில் ஏறியதை அழிக்க மேனேஜர் யாரும் இல்லை.

ஏமாந்தால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்குங்கள். பரிவர்த்தனை ஹாஷ், உங்கள் முகவரி, மோசடிக்காரன் முகவரி இரண்டும் முழுசாக, நேரம், முன்பு வந்த அந்தச் சல்லிக்காசின் ஹாஷ், யுஎஸ்டிடி வாங்கியதற்கான வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் ஒரு முகவரியை முடக்க முடியும். ஆனால் அதற்குக் காவல்துறை கேட்க வேண்டும், பணம் அடுத்த கைக்குப் போகுமுன் கேட்க வேண்டும்.

காவல் நிலையத்தில் "இது எங்க லிமிட் இல்லப்பா" என்பார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி எல்லை பார்க்காமல் புகாரை வாங்க வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம். மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். "கிரிப்டோவெல்லாம் காசா?" என்று கேட்டால், அது சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைச் சொல்லுங்கள்.

மீட்டுத் தருகிறேன் என்று டெலிகிராமில் வருபவனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். வாலட்டின் 12 மீட்புச் சொற்களை ஒருபோதும் சொல்லாதீர்கள். முகவரியைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். பெறுபவரிடம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வாங்கி, 34 எழுத்தையும் ஒத்துப் பார்த்து அனுப்புங்கள்.